எடுத்துக் கொடுக்கிறவள்

வேன் வந்தபாடில்லை. இந்தா வந்துட்டார், பாலத்தைத் தாண்டிட்டார் என்று காதிலிருந்து போனை எடுக்காமலே சொல்லிக்கொண்டிருந்தார் மாவட்டச் செயலாளர் தோழர் பாஸ்கரன். சொல்லுகிறவருக்கு என்ன, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் அவருக்கு மார்கழி. உப்பளத்து முக்கில், ஒரு பொட்டு நிழலில்லாத தார் ரோட்டில், நம்ம கட்சிக் கொடியை ஒரு கையிலும் கூட்டணிக் கட்சிக் கொடியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பளைகளுக்குத்தானே உள்ளங்கால் கொதிக்கும். சண்முகக்கனி எல்லாருக்கும் முன்னால் நின்றாள். எப்போதும் முன்னால்தான். கோஷம் எடுத்துக் கொடுக்கிறவள் முன்னால் நிற்காமல் வேறெங்கே நிற்பாள்? கட்சியில் அவள் கிளைச் செயலாளர் என்றாலும் உப்பளத்துச் சனத்துக்கு அவள் கோஷக்காரி. முதல் பாதியை அவள் சொன்னால் மறு பாதியை இதுகள் சொல்லும். இன்றைக்கு அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு பேர்: வேட்பாளர் அண்ணாச்சி தனசிங். இதுகள் சொல்ல வேண்டியது வாழ்க வாழ்க. அவ்வளவுதான், பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் தனசிங் என்கிற அந்தப் பேர், ரோட்டுக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறதே, அந்த அளத்து மொதலாளியுடையது. ஞானப்பூ செத்துப்போன அளம். அந்தப் பேரை இந்த வாயால் சொல்லி, இந்தப் பொம்பளைகளை வாழ்க என்று சொல்லவைக்க வேண்டும். நினைத்த மாத்திரத்தில் அடித்தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. இருமிப் பார்த்தாள். போகவில்லை.

"யக்கா, ஒரு வாய் தண்ணி குடி. இப்படியே தொண்டை காஞ்சு நின்னேன்னா வேன் வரும்போது காத்துதான் வரும்" என்று பின்னாலிருந்து இசக்கியம்மாள் பாட்டிலை நீட்டினாள். இவளோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். வாய் ஓயாது. சண்முகக்கனி வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பழக்கம்தான், வேறென்ன. அளத்துக்குப் போகிற பொம்பளை தண்ணி குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க அங்கே ஒரு செடி மறைவு உண்டா? வானமும் உப்பும், இரண்டுக்கும் நடுவில் கங்காணியின் கண்ணும்தான். விடியுமுன்னே வீட்டில் ஒரு மடக்கு, அப்புறம் வீடு திரும்பித்தான் அடுத்த மடக்கு. உடம்பு பழகிவிடும், பழகிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம், ஞானப்பூவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். பாவி மட்டை, என்ன மாதிரி பொம்பளை அவள். சிரித்தால் வரப்பில் உட்கார்ந்திருக்கிற கொக்கு எழும்பிப் பறக்கும். பக்கத்து வீடு, பக்கத்துப் பாத்தி; இவள் வீட்டுக் கொழுக்கட்டை அவள் வீட்டுக்கும், அவள் வீட்டுக் கிறிஸ்மஸ் முறுக்கு இவள் வீட்டுக்கும். அந்தச் சித்திரை மத்தியானம் உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு நின்றவள், "கனி, எனக்குக் குளிருதுட்டி" என்றாள். அந்த வெயிலில் குளிருகிறதாம். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் நெற்றி வேர்க்கவே இல்லை, அடுப்புக் கல் மாதிரி காய்ந்து கிடந்தது. அடுத்த நிமிசம் பாத்தித் தண்ணியிலேயே சரிந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு ஓட ஒரு நிழல் கிடையாது, வாயில் ஊற்ற ஒரு சொட்டு நல்ல தண்ணி கிடையாது. சுற்றிலும் தண்ணிதான், எல்லாம் உப்புத் தண்ணி. வீட்டிலிருந்தே சீக்கோடு வந்திருக்கிறாள் என்று சொல்லியனுப்பினார் மொதலாளி. வந்துகூடப் பார்க்கவில்லை. எழவு வீட்டுக்கு எதிரிகூட வருவானே. அந்த ஒரு சொல் இன்னும் ஆறவில்லை, சீக்கோடு வந்தாளாம், சீக்கு யார் கொடுத்தது, நெஞ்சு எரிகிறது. வேன் வந்தபாடில்லை.

அன்றைக்குச் சவப்பெட்டியைக் கொண்டுபோய் மொதலாளி வீட்டுக் கேட்டுக்கு முன்னால் இறக்கினார்கள். ஞானப்பூ மேல் செங்கொடியைப் போர்த்தியிருந்தது. பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் வாங்கி வந்தவர் இந்த பாஸ்கரன்தான், அதை மறந்து பேசினால் வாய் அழுகிவிடும். அன்றைக்கு அவருக்குக் கார் கிடையாது; சட்டையெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணி. கோஷம் போடுங்க தோழர் என்று அவர்தான் சொன்னார். சண்முகக்கனிக்கு ஒரு கோஷமும் ஞாபகம் வரவில்லை. பத்து வருசமாகப் போட்ட கோஷமெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ. உள்ளே இருந்து வந்தது அந்தப் பேர் மட்டும்தான். "தனசிங் மொதலாளி!" என்று கத்தினாள். அதற்குமேல் என்ன சொல்லவென்று தெரியாமல் மூச்சு முட்டி நின்றபோது பின்னாலிருந்து இந்தப் பொம்பளைகள், யாரும் சொல்லிக் கொடுக்காமல், "பதில் சொல்லு! பதில் சொல்லு!" என்றார்கள். முதுகுத்தண்டு அப்படியே சிலிர்த்துவிட்டது. கட்சி எழுதிக் கொடுத்த கோஷமில்லை அது, இதுகளாகப் பெற்றது. அதற்கப்புறம் வேலைநிறுத்தம் நடந்த நாளெல்லாம் காலையில் அளத்து வாசலில், சாயங்காலம் மொதலாளி வீட்டுக் கேட்டில், அது ஒன்றுதான். தனசிங் மொதலாளி, பதில் சொல்லு. மழை வந்த அன்றைக்கும் போட்டார்கள், போலீஸ் வந்த அன்றைக்கும் போட்டார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாடும்போதுகூட ஒன்று பேரைச் சொல்லும், மற்றது பதில் சொல்லும். மொதலாளி பதில் சொன்னாரா? எங்கே சொன்னார். குடிதண்ணிக்கு ஒரு நீல டிரம் வந்தது, சித்திரை முடிந்ததும் டிரம் போய்விட்டது. கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டார், ஆடிக் காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது. கக்கூசு கட்டித் தருகிறேன் என்று சொன்னதற்கு அடையாளமாக நாலு செங்கல் வரப்போரத்தில் கிடக்கிறது, அதன் மேல் உப்புப் பூத்திருக்கிறது. இந்த மனுசனுக்குத்தான் இப்போது நம்ம கட்சி ஓட்டுக் கேட்கிறது. சிரிப்பாணியாக இருக்கிறது, ஆனால் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

கோஷம் என்பது சும்மா கத்துகிறதல்ல என்று இவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "ஏட்டி, நான் பேரைச் சொன்ன பெறகு நீங்க யோசிச்சுக்கிட்டு நிக்கப்படாது. யோசிச்சா கொரலு செத்துப்போவும். நான் மூச்சு வாங்கும்போது நீங்க பிடிக்கணும், நீங்க மூச்சு வாங்கும்போது நான் பிடிப்பேன். வயித்துல இருந்து வரணும், தொண்டையில இருந்து இல்ல. நடுவுல மட்டும் விட்டுறாதிய, விட்டா எதிராளி சிரிப்பான்." வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்ததுகள் எல்லாம் இப்போது தொண்டையைத் திறந்தால் கடற்கரை வரைக்கும் கேட்கும். இவள் மட்டும் என்ன, வரும்போதே வீராங்கனையாகவா வந்தாள்? புருசன் செத்த மறு வருசம், சங்க ஆபீஸ் வாசல்படியில் ஒடுங்கி நின்றவளைப் பார்த்து, பேண்ட் சட்டை போட்ட ஒரு மனுசர், உள்ளே வாங்க தோழர், உக்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரைக்கும் அவளை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. ஏ பிள்ளே, ஏட்டி, அவளே, இவளே, இந்தா, இப்படித்தான் கூப்பிடுவார்கள். தோழர்! அந்த ஒரு சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாளே. நாற்காலியை இழுத்துப் போட்டதும் இந்த பாஸ்கரன்தான். எதைத் தொட்டாலும் இந்த மனுசரிடமே வந்து முட்டுகிறது. நல்லவரா கெட்டவரா என்று ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்க முடிந்தால் எவ்வளவு நிம்மதி. பின்னால் யாரோ, "தேர்தல் முடிஞ்சா கக்கூசு கெட்டித் தருவாவளாம்லா" என்றார்கள். "ஆமா, அதுல அவாளே வந்து இருப்பாவ" என்றாள் இசக்கியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. எல்லாரும் தன் முதுகையே பார்க்கிறார்கள் என்று திரும்பாமலே சண்முகக்கனிக்குத் தெரிந்தது.

கூட்டம் போட்டுத்தான் முடிவைச் சொன்னார்கள். முடிவெடுக்கப் போட்ட கூட்டமல்ல, சொல்லப் போட்ட கூட்டம். மேலே பேசி முடித்தாகிவிட்டது, தொகுதி கூட்டணிக் கட்சிக்கு, அவர்கள் நிறுத்தியிருக்கிற ஆள் தனசிங், நாம் வேலை செய்ய வேண்டும், தோழர்கள் கருத்துச் சொல்லலாம். சொன்னால் முடிவு மாறுமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் சின்னப்பிள்ளைத்தனம். பெரிய எதிரி வாசலில் நிற்கும்போது சின்ன எதிரியோடு கை கோக்க வேண்டியிருக்கிறது, சரித்திரத்தில் இப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்று பாஸ்கரன் அரை மணி நேரம் பேசினார். பேச்சில் தப்பு ஒன்றும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல். பெரிய எதிரி பொல்லாதவன்தான், அவன் வந்தால் சங்கமே இருக்காது என்பதும் மெய்தான். ஆனால் சின்ன எதிரி என்றாரே, யாருக்குச் சின்னது? அளத்தில் நிற்கிறவளுக்கு அவனைவிடப் பெரிய எதிரி எவன்? அவள் எழுந்து ஒன்றுதான் கேட்டாள். "தோழர், ஞானப்பூ வீட்டுல போய் நான் என்ன சொல்லி ஓட்டுக் கேக்கணும்?" பாஸ்கரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உணர்ச்சிவசப்படாதீங்க தோழர். அரசியலாப் பாருங்க" என்றார். உணர்ச்சி வேறு அரசியல் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அப்படியென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனோமே, அது இரண்டில் எது? கேட்கவில்லை, டீ வந்துவிட்டது. அப்புறம் ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எல்லாக் கையும் மேலே போயிற்று. சண்முகக்கனி தன் கையை நிமிர்ந்து பார்த்தாள், அதுவும் மேலேதான் இருந்தது. நான் தூக்கவில்லையே, அதுவாகத் தூக்கிக்கொண்டதே என்று இப்போது நினைக்கிறாள். இத்தனை வருசமும் தூக்கு என்றால் தூக்கியே பழகின கை. இந்தக் கையை என்ன செய்ய, வெட்டியா போட முடியும்? இரண்டு கையிலும் இரண்டு கொடி இப்போது. நம்ம கொடியின் துணி சாயம் போய் வெளுத்திருந்தது, அவர்கள் கொடி புதுசு, பளபளவென்று, மடிப்புக்கூடக் கலையவில்லை.

மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். போய் எங்கே நிற்க? ஒழுங்கு நடவடிக்கை என்பார்கள், கடுதாசி வரும், விளக்கம் கேட்பார்கள், அப்புறம் எதிர்ப்பட்டால் தோழர் என்று கூப்பிடாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்கள். அது போதும், உயிர் போய்விடும். மகன் திருப்பூரில், பொங்கலுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இருப்பதே இந்தக் கட்சி ஒன்றுதான். நாளைக்கே ஞானப்பூ மாதிரி இவளும் பாத்தியில் சரிந்தால், கொடி போர்த்த யார் வருவார்கள்? சிரிக்காதீர்கள், அவளுக்கு அது பெரிய பயம். பொன்னாடை வேண்டாம், தங்கம் வேண்டாம், சாகும்போது மேலே அந்தச் சிவப்புத் துணி கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டாள். அதற்காக இன்றைக்கு ஒரு தரம் சொல்லித் தொலைத்தால்தான் என்ன? வாய் தேய்ந்துபோகுமா? எத்தனை பேருக்கு வாழ்க போட்டிருக்கிறோம், வாழ்ந்தவன் வாழ்ந்தான், வாழாதவன் போனான். ஆனால் நான் மட்டும் சொல்லுவதென்றால் பரவாயில்லையே, நான் எடுத்துக் கொடுத்தால் இதுகளும் சொல்லுமே. என்னை நம்பி வாயைத் திறந்ததுகள். நான் நல்லதுக்குத்தான் சொல்லுவேன் என்று யோசிக்காமல் பின்னால் வருகிறதுகள். யோசிக்காதே என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. ஞானப்பூவின் மகள் எஸ்தரும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறாள், போன மாசம்தான் அம்மா நின்ற பாத்தியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வாயிலிருந்தும் வரவேண்டும், தனசிங் வாழ்க. அதை என் காதால் நான் கேட்க வேண்டும். ஐயோ, இந்த வேன் வராமலே போய்விடக் கூடாதா, டயர் வெடித்து, மழை கொட்டி, ஏதாவது ஒரு எழவு நடந்து தொலைக்கக் கூடாதா.

கொட்டுச் சத்தம் கேட்டது. பாஸ்கரன் காரிலிருந்து இறங்கி வேட்டியை உதறிக்கொண்டு வந்தார், "வந்துட்டார், வந்துட்டார், வரிசையா நில்லுங்கம்மா" என்றார். பிறகு சண்முகக்கனியின் பக்கத்தில் குனிந்து, சன்னமாக, "தோழர், எனக்கும் சந்தோசமில்ல. தெரியும்ல? கணீர்னு ஒரு தரம் சொல்லிருங்க, போதும்" என்றார். அந்தக் குரலில் பழைய பாஸ்கரன் கொஞ்சம் இருந்தார், அதனாலேயே அவளுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வேன் வந்து நின்றது. மேலே மாலையும் கும்பிட்ட கையுமாக தனசிங் மொதலாளி. இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வேலைநிறுத்தம் நடந்த நாளெல்லாம் ஒரு நாள்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்க்காத முகம். நல்ல முகமாகத்தான் இருந்தது, அதுவும் ஆத்திரமாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தர் காதில் ஏதோ சொல்ல, அவர் இவளைப் பார்த்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "அடடே, நம்ம கோசக்கார அம்மால்லா! என் வீட்டுக் கேட்டுல நின்னு கத்துன கொரலு, எனக்கு ஒறக்கமே கெடையாது பாத்துக்கிடுங்க. இன்னைக்கு அந்தக் கொரலு நமக்காவக் கேக்கப்போவுது. சொல்லுங்கம்மா, சொல்லுங்க!" வேன்மேல் நின்றவர்கள் சிரித்தார்கள். பாஸ்கரனும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்வார். கேட்டிருக்கிறார் மனுசன். அப்படியானால் எல்லாம் கேட்டுக்கொண்டேதான் உள்ளே இருந்திருக்கிறார். சரி, முடித்துவிடுவோம். கட்சி சொன்னது, சொல்லிவிடுவோம், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வாயைக் கொப்பளிப்போம். சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். வேட்பாளர், என்றாள். குரல் வந்தது, சண்டாளக் குரல், துணை செய்யாதே என்றால் துணை செய்கிறது. அண்ணாச்சி, என்றாள். "தனசிங்!" என்றாள். அவ்வளவுதான், மூச்சு முட்டிவிட்டது, தொண்டையில் உட்கார்ந்திருந்தது அடைத்துக்கொண்டது, இதுகள் வாழ்க என்று பிடிக்க வேண்டிய இடத்தில் மூச்சு வாங்க நின்றாள். நின்ற அந்த இடைவெளியில் பின்னாலிருந்து, ஒரே வயிற்றிலிருந்து வருகிற மாதிரி, "பதில் சொல்லு! பதில் சொல்லு!" என்று வந்தது.

யாரும் வேண்டுமென்று சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தாள். இசக்கியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஒருத்தி புதுக் கொடியால் வாயைப் பொத்தியிருந்தாள், மற்றவர்கள் எல்லாம் சாமான் உடைத்த பிள்ளைகள் மாதிரி முழித்தார்கள். அந்தப் பேருக்கு வேறு பதில் இதுகளுக்குத் தெரியாது. யோசிக்கவில்லை, சொல்லிக் கொடுத்தபடி செய்தார்கள், பாவம். கொட்டு நின்றுபோயிற்று. வேன் மேலே கும்பிட்ட கை கும்பிட்டபடியே நிற்க, முகம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. "தவறிப்போச்சு, தவறிப்போச்சு, பழக்கதோசம்" என்று பாஸ்கரன் மேலே பார்த்துக் கையை ஆட்டினார், பிறகு இவள் முழங்கையைப் பிடித்தார். "தோழர், திருத்துங்க. வாழ்கன்னு நீங்களே சொல்லுங்க, அவங்க திரும்பிச் சொல்லுவாங்க. சொல்லுங்க தோழர்." சொல்லுவார்கள். இவள் சொன்னால் சொல்லிவிடுவார்கள், அதில் சந்தேகமே இல்லை. எஸ்தர் மட்டும் கொடியைக் கீழே விட்டுவிட்டு நின்றாள், அம்மாவின் கண், அம்மாவின் நெற்றி, அந்த வெயிலில் வேர்க்காத நெற்றி. ஏட்டி, நீயும் தண்ணி குடிக்கிறதில்லையா? விளக்கம் கேட்பார்கள். கடுதாசி வரும். கொடி வராது. சண்முகக்கனி இரண்டு கொடியில் புதுசைப் பாஸ்கரன் கையில் கொடுத்தாள், பழசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், இசக்கியம்மாளிடமிருந்து பாட்டிலை வாங்கி, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நடு ரோட்டில் நின்று மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டையில் இருந்தது இறங்கிப் போயிற்று. மிச்சத் தண்ணியை எஸ்தர் கையில் கொடுத்து, "குடி பிள்ள" என்றாள். பயமாகத்தான் இருந்தது. அண்ணாச்சியும் வேண்டாம், வேட்பாளரும் வேண்டாம் என்று வயிற்றிலிருந்து மூச்சை இழுத்தாள்.

"தனசிங் மொதலாளி!"